பச்சை ஸ்டிக்கர்

பிப்ரவரி 6

தர மேலாளர், புது ஆலை

ஐயா,

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நம் பிஸ்கட் கம்பெனியின் இரண்டு ஆலைகளிலும் சேர்த்து, சர்க்கரை எல்லை தாண்டியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பழைய ஆலையில் ஒருவர், புது ஆலையில் ஒருவர் என்று ஜோடி போட்டிருக்கிறார்கள். என் பெயருக்கு நேராக உங்கள் பெயர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். உங்கள் பெயர்தான்.

சாப்பாட்டுப் பாடம் எடுக்க வரும் அம்மையாருக்கு இங்கே ‘தட்டு டீச்சர்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்தார். தட்டில் கோடு. பாதி காய்கறி, கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ. இயற்பியலில் முதுகலை முடித்தவனுக்கு ஐம்பத்து மூன்று வயதில் தட்டில் கோடு கிழித்துக் கொடுக்கிறார்கள்.

ஜோடிகளுக்கு விதிகள் உண்டு. ஒரு வாரம் நான், மறுவாரம் நீங்கள், கையால் எழுதிய கடிதம். தின்றதை மறைக்கக் கூடாது. அடுத்தவருக்குப் புத்திமதி சொல்லக் கூடாது. வந்த கடிதத்தை வீட்டில் காட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாவு லாரி ஓட்டுநரிடம் உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். டீச்சர் பிரித்துப் படிக்க மாட்டார். பன்னிரண்டு வாரம். ஃபோனில் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். “ஃபோன்ல எல்லாரும் கீரைதான் சார் சாப்பிடுறாங்க” என்றார்.

ஆகவே, ஆறு வருடமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்காதவன், தங்கையின் கணவரிடம் தின்றதை ஒப்பிக்கிறேன்.

புதன் காலை: டீ, இரண்டு கரண்டி சர்க்கரை. மதியம்: கேன்டீன் சோறு, பருப்பு, பெயருக்குக் கொஞ்சம் முட்டைக்கோஸ். நான்கு மணிக்கு உடைசல் தட்டிலிருந்து ஏழு பிஸ்கட். உடைந்த பிஸ்கட்டை எல்லாத் துறைக்கும் இலவசமாக வைக்கும் தாராள மனது நம் முதலாளிக்கு உண்டு; அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இரவு: மறுபடி உடைசல். மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எத்தனை என்று எண்ணவில்லை.

என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று கடிதத்தில் எழுதச் சொல்லி விதியில் இல்லை. எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அளவுக்கருவிச் சோதனைக்கூடம், பழைய ஆலை


பிப்ரவரி 13

மச்சான்,

‘ஐயா’ன்னு ஆரம்பிச்சிருந்ததால வேற யாருக்கோ வந்த கடிதம்னு நினைச்சு உறையைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் கையெழுத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். ஸ்கேல் வச்சு எழுதின மாதிரி எழுத இந்தக் கம்பெனியில வேற யார் இருக்கா?

உங்க தங்கச்சி ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு ஓடி வந்து, “அண்ணன் எழுத்தா? குடுங்க”ன்னு பிடுங்க வந்தா. டீச்சர் விதிப்படி காட்டக் கூடாதுன்னேன். “ஆறு வருஷமா இந்த விதியெல்லாம் எங்கே போயிருந்துச்சு”ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டா. மனசு கேட்கல. தள்ளி நின்னு எழுத்தை மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா.

நான் தின்னது: எங்கே ஆரம்பிக்கிறது? ருசி பார்க்கிறேன்னு என் வேலையே தின்னுறதுதானே. மணிக்கு மூணு வகை, வகைக்கு ரெண்டு துண்டு, எட்டு மணி நேரம். நாற்பத்தெட்டு ஆச்சா? கிரீம் வகை ஓடுற நாள்ல அது தனி. நீங்க ஆசைப்பட்ட நாற்காலி இதுதான் மச்சான். சர்க்கரையும் அதோட சேர்த்துக் குடுத்துட்டாங்க. டாக்டர் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு மாத்திரை எழுதியிருக்கார்.

ஒரு உதவி. முதலுதவி அலமாரியில ஒரு பழைய சர்க்கரை மீட்டர் கிடந்துச்சு. ரத்தம் தொட்டு வைக்கிற பட்டைங்க ஒரு டப்பா, மீட்டர் சரியான்னு சோதிச்சுப் பார்க்கிற திரவம் ஒரு பாட்டில், எல்லாம் இருக்கு. தினமும் விரல்ல குத்திப் பார்க்கலாம்னு ஆசை. பெட்டியோட உங்க கூடத்துக்கு இதே லாரியில அனுப்பியிருக்கேன், படிவத்துல கையெழுத்துப் போட்டு. சரியாக் காட்டுதான்னு பாருங்க. சோதிச்சாச்சுன்னு நீங்க ஒட்டுற பச்சை ஸ்டிக்கர் இல்லாத கருவியை நான் தொடுறதில்லைன்னு உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 20

மேலாளர் அவர்களுக்கு,

கருவி வந்தது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அன்றே லாரியில் ஏற்றிவிட்டேன். படிவத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே ‘தர மேலாளர்’ என்ற முத்திரை நன்றாகத் தெளிவாக விழுந்திருந்தது.

நாற்காலிப் பேச்சை நீங்கள்தான் எடுத்தீர்கள். அதனால் சொல்கிறேன். பட்டயப் படிப்போடு வந்து நின்ற உங்களை இந்தக் கம்பெனி வாசலில் கைபிடித்து உள்ளே கூட்டி வந்தவன் நான். தங்கையைக் கொடுத்தவன் நான். அந்த நாற்காலிக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். முதலில் உங்களிடம் பேசினார்கள், பிறகு என்னிடம். நான் உள்ளே போனபோது என் காகிதத்தின் ஓரத்தில் ‘கோபக்காரர்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும். அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்று ஆறு வருடமாக நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இன்னொன்று. ருசி பார்க்கும் நடைமுறைக் கையேட்டை இருபது வருடத்துக்கு முன் தட்டச்சு செய்தவன் நான். பத்தி நான்கு: ‘துண்டை நன்கு மென்று, கிண்ணத்தில் துப்பி, வெந்நீரால் வாய் கொப்பளிக்கவும்.’ விழுங்கச் சொல்லி எங்கும் இல்லை. இது புத்திமதி அல்ல. மேற்கோள்.

செவ்வாய்: டீ, ஒரு கரண்டி சர்க்கரை. மதியம் கோடு போட்ட தட்டு. சோறு கோட்டைத் தாண்டியது. எதிரே உட்கார்ந்திருந்த மாவு பிசையும் ஆள், “தராசு சாருக்கே தட்டு சாயுதே” என்றான். என் காதுபட இதுவரை யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உடைசல்: நான்கு.

அளவுக்கருவிச் சோதனைக்கூடம்


பிப்ரவரி 27

மச்சான்,

பத்தி நாலைப் படிச்சுக் காட்டினேன், இங்க பிஸ்கட் சுடுற அடுப்புக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். “நாம செஞ்சதை நாமளே துப்பினா, வாங்குறவன் என்ன சார் செய்வான்?” நியாயம்தானே. எனக்கு முன்னாடி இருந்தவரும் விழுங்கினார். அவருக்கு முன்னாடி இருந்தவரும் விழுங்கினார். ரெண்டு பேரும் இப்ப இல்லைங்கிறது வேற விஷயம்.

நல்ல சேதி ஒண்ணு. உங்க பச்சை ஸ்டிக்கர் மீட்டர் என் வயித்துல பாலை வார்த்துச்சு. முதல் நாள் நூத்திப் பதினெட்டு. மறுநாள் நூத்திப் பன்னெண்டு. நேத்து நூத்தி ஒன்பது. தட்டு டீச்சர் தட்டு வேலை செய்யுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ராத்திரி மாத்திரையை முதல்ல நிறுத்தினேன். அப்பவும் நம்பர் ஏறல. திங்கக்கிழமையில இருந்து காலை மாத்திரையும் இல்லை. டீச்சர், “டாக்டரைக் கேட்டீங்களா?”ன்னாங்க. எதுக்குங்க, நம்பர்தான் கையில இருக்கேன்னேன். அவங்க முகம் மாறிப்போச்சு. பாவம், அவங்க வேலை அப்படி.

வயசாகுது மச்சான். ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன், தண்ணி குடிக்க ஒரு தடவை, மத்ததுக்கு மூணு. கண்ணாடி மாத்தணும், பதிவேட்டுல எழுத்து கலங்குது. புது ஷூ சுண்டுவிரலைக் கடிச்சு ஒரு சின்னப் புண். ஷூக்காரனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.

தின்னது: காலையில ரொட்டி ரெண்டு, முட்டை. மதியம் கோட்டுக்குள்ள. நடுவுல நாற்பத்தெட்டு.

மாப்பிள்ளை


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

புத்திமதி சொல்லக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது என்று விதியில் இல்லை.

அந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது? வலிக்கிறதா? வலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் தண்ணீர்? எடை குறைந்திருக்கிறதா? பெல்ட்டில் எந்த ஓட்டை?

நாற்பத்தெட்டுத் துண்டு, ஒன்றில் இரண்டு கிராம் சர்க்கரை என்றாலே தொண்ணூற்றாறு கிராம். மாவு தனி. இதை விழுங்கிவிட்டு, மாத்திரையும் இல்லாமல், ஒரு மனிதனுக்கு நூற்றொன்பது வருமா? அளவு எடுப்பவன் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: நமக்குப் பிடித்த எண் வந்தால் இரண்டாவது தடவை அளக்க வேண்டும். நீங்கள் அளந்தீர்களா? வேறு மீட்டரில்?

என் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நினைத்தேன். லாரி கிளம்பும் நேரமாகிவிட்டது.

இன்று தின்றது: அவித்த காய், முட்டை இரண்டு. பசி இல்லை. உடைசல் தட்டு மேஜைக்கு வந்தது. திருப்பி அனுப்பினேன்.


மார்ச் 13

மச்சான்,

‘மாப்பிள்ளைக்கு’ன்னு எழுதியிருக்கீங்க. உங்க தங்கச்சிகிட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் மடிச்சுக் காட்டினேன். அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்துட்டா.

கேள்விக்குப் பதில். புண் வந்து மூணு வாரம். கொஞ்சம் கறுத்திருக்கு. வலி இல்லை, அதனால கவலையும் இல்லை. தண்ணி பெரிய பாட்டில் ஏழு. எடை அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. பெல்ட்டுல புதுசா ஆணி வச்சு ஒரு ஓட்டை போட்டேன். டீச்சர் வகுப்புல என்னைத்தான் எழுந்து நிக்கச் சொல்லப் போறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.

வேற மீட்டர்ல எதுக்குப் பார்க்கணும்? அதுல இருக்கிறது உங்க ஸ்டிக்கர்.

நீங்க கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிடுறேன். அன்னிக்கு அவங்க என்கிட்ட, “உங்க மச்சான் எப்படிப்பட்டவர்?”னு கேட்டாங்க. “கோபக்காரர். ஆனா உயிரே போனாலும் தப்பா ஒரு அளவு சொல்லமாட்டார்”னு சொன்னேன். பாதியை எழுதிக்கிட்டாங்க, பாதியை விட்டுட்டாங்க. இதைச் சொல்ல ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். உங்க வீட்டு அக்கா கதவைத் திறந்தாங்க, நீங்க எழுந்து உள்ளே போயிட்டீங்க.

இன்னொரு விஷயம். டீச்சர் ஜோடியைக் குலுக்கல்ல எடுக்கல. இந்த ஆலைக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், “யார்கிட்ட உங்களால பொய் சொல்ல முடியாதோ அவர் பெயரை எழுதுங்க”ன்னாங்க. நான் எழுதினது உங்க பெயரை.

மாப்பிள்ளை


மார்ச் 14, சனிக்கிழமை

மாப்பிள்ளை,

இதை எழுதி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாசலில் தங்கையிடம் கொடுப்பேன். படித்துவிட்டு உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் விரலை நீட்டுங்கள். புது மீட்டரும் புதுப் பட்டைகளும் வாங்கியிருக்கிறேன். அதில் என்ன எண் வந்தாலும் ஆட்டோ தெருமுனையில் நிற்கும். புண் வலிக்கவில்லை என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் பயம்.

உங்கள் பெட்டியை நான் திறக்கவே இல்லை. படிவத்தில் முத்திரையைப் பார்த்தேன், வயிறு எரிந்தது, பெட்டிமேல் பச்சையை ஒட்டித் தள்ளிவிட்டேன். பதிவேட்டில் சோதனைத் திரவ அளவு எழுதும் கட்டம் காலி. பக்கத்தில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பதிவேட்டில் காலியாக இருக்கும் கட்டம் அது ஒன்றுதான்.

போன வாரமே எனக்குத் தெரியும். லாரி கிளம்பிவிட்டது என்று எழுதினேன். லாரி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அந்தப் பச்சை பொய்.


ஏப்ரல் 3

மச்சான்,

மல்லாந்து படுத்துக்கிட்டு எழுதுறேன், எழுத்து கோணலா இருக்கும். ஸ்கேல் வச்சுப் பார்க்காதீங்க.

சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. இடது கால். நீங்க கொண்டுவந்த மீட்டர்ல வந்த நானூத்திப் பன்னெண்டைச் சொன்னதும் டாக்டர், “இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பாதத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம்”னார். நீங்க வராண்டாவுல இருந்தீங்க, கேட்டிருக்க மாட்டீங்க. கேட்டீங்களோ என்னவோ. பதினோரு நாள் அந்த வராண்டாவுல உட்கார்ந்திருந்தீங்க, உள்ளே வரவே இல்லை. நர்ஸ் உங்களை வேற பேஷண்ட்டோட ஆளுன்னு நினைச்சாங்க.

கோபம் இல்லைன்னு எழுதினா பொய். ராத்திரி முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்போது வருது. ஆறு வருஷக் கோபத்துக்கு ஒரு விரல் விலையான்னு கேட்கணும்போல இருக்கு. காலையில காலைக் கழுவி விட வர்ற நர்ஸ், “புண்ணைத் தினமும் பார்த்திருக்கணும்ல சார்”னு சொல்லும்போது அது பாதியா குறையுது. டீச்சர் டாக்டரைக் கேளுன்னு சொன்னாங்க, நான்தான் கேட்கல. உங்க தங்கச்சி அந்தப் பட்டை டப்பாவைத் திருப்பிக் காட்டினா. அடியில தேதி போட்டிருக்கு, காலாவதி ஆகி ரெண்டு வருஷம். சோதனைக்கூடமே வேண்டாம், கண்ணு இருந்தா போதும். ரெண்டு பேருக்கும் கண்ணு இருந்துச்சு.

அவ நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பேசுறதில்லை. சாப்பாடு மட்டும் வருது. கோடு போட்ட தட்டுல.

மாப்பிள்ளை


ஏப்ரல் 10

மாப்பிள்ளை,

டாக்டர் சொன்னது வராண்டாவில் கேட்டது.

பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, நானே நிர்வாகத்திடம் கொடுத்தேன். ஸ்டிக்கர் ஒட்டும் பொறுப்பை மூன்று மாதத்துக்குப் பக்கத்து மேஜைக்காரருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நேற்று மேலே கூப்பிட்டார்கள். தண்டனை கொடுத்த அதே வாய், “நீங்களே போய்ச் சொல்லிக்கிட்டீங்களே, அது போதும் எங்களுக்கு. அவர் எழுந்து வர்ற வரைக்கும் அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க. டாக்டர் அவரை இனி ருசி பார்க்கக் கூடாதுன்னு சொன்னா, அப்படியே நிரந்தரம் ஆக்கிடலாம்” என்றது. ஆறு வருடம் காதில் விழாதா என்று காத்திருந்த வார்த்தை. வேண்டாம் என்று சொன்னேன். சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தை உங்களிடம் மறைத்தால் மறுபடி காலிக் கட்டம் ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

பதிலுக்கு ஒன்று கேட்டேன். பத்தி நான்கைப் பெரிய எழுத்தில் அச்சடித்து உங்கள் அறைச் சுவரில் ஒட்ட வேண்டும், எவர்சில்வர் கிண்ணமும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் வைக்க வேண்டும். டாக்டருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். துப்பினால் அந்த வேலையைத் தொடரலாம் என்றார். உடைசல் தட்டையும் எடுக்கச் சொல்லி டீச்சர் நான்கு வருடமாக எழுதிப் போடுகிறாராம். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஊழியன் நான். இங்கே பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. எனக்குப் பழக்கம்தான்.

தங்கை என்னோடு எப்போது பேசுவாள் என்று நான் கேட்கவில்லை.


ஏப்ரல் 24

மச்சான்,

திங்கக்கிழமை வேலைக்கு வந்தேன். அகல ஷூ, கைத்தடி. அறைச் சுவர்ல பத்தி நாலு, ஆள் உயரத்துக்கு. இதை அச்சடிச்சது நீங்கதான்னு பார்த்த உடனே தெரிஞ்சுது, நாலு மூலையும் ஒரே அளவு இடைவெளி.

முதல் துண்டு வந்துச்சு. சுத்தி ஏழு பேர் நிக்கிறாங்க. மென்னேன். கிண்ணத்தைக் கையில எடுத்தேன், கூச்சமா இருந்துச்சு. பத்து வருஷம் இந்தப் பண்டத்தால சோறு தின்னவன். கண்ணை மூடிக்கிட்டுத் துப்பினேன். அடுப்புக்காரர் முகம் சுருங்கிப்போச்சு. “சார், பிஸ்கட் நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கு. அதனாலதான் துப்புறேன்”னேன்.

அவர் பக்கத்துல வந்து மெதுவா, “எனக்கும் முந்நூறுக்கு மேல இருக்கு சார், பட்டியல்ல பேர் வராம பார்த்துக்கிட்டேன்”னார். டீச்சர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். பொய் சொல்ல முடியாத ஆள் யாருன்னு அவங்க கேட்டாங்க. என் பெயரைச் சொன்னார். இனி ஒழுங்கா இருந்தாகணும்.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. செருப்பு போடும்போது வரும். போகப் போகக் குறையும்னு நினைக்கிறேன். அந்தப் பழைய பெட்டியில இருந்து உங்க ஸ்டிக்கரை உரிச்சு எடுத்து வச்சிருக்கேன். எதுக்குன்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரல.

உங்க தங்கச்சி இதை மடிச்சு உறையில வைக்கும்போது, “அண்ணனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. உள்ளே வந்து உட்கார்ற மாதிரி வரச் சொல்லுங்க”ன்னு சொன்னா. அவ சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன்.

மாப்பிள்ளை


மே 1

மாப்பிள்ளை,

பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. இனி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று டீச்சர் சொன்னார். லாரி ஓட்டுநர் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஞாயிறு தின்றது உங்களுக்கே தெரியும், எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். பாதித் தட்டு காய், கால் தட்டு மீன், கால் தட்டு சோறு. தங்கை இரண்டாவது கரண்டி சோறு கொண்டுவந்து, என்னைப் பார்த்து, உங்கள் காலைப் பார்த்து, திரும்பவும் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள். பிறகு, “நீங்க எவ்வளவுண்ணே?” என்று கேட்டாள். சோற்றைக் கேட்கிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். எனக்குத் தெரியும் அவள் எதைக் கேட்டாள் என்று. மீன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவளிடமும் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பத்து புள்ளி நான்கு; ஏழுக்குள் இருக்க வேண்டியது. உங்களைவிட அதிகம். மாத்திரை எழுதிக் கொடுத்தும் வாங்கவில்லை. நீங்கள் மாத்திரையை நிறுத்தினேன் என்று எழுதிய அன்று நான் ஆரம்பிக்கவே இல்லை. வராண்டாவில் உட்கார்ந்திருந்த மூன்றாம் நாள், கீழே இருந்த மருந்துக்கடையில் வாங்கினேன்.

நேற்று மறுபடி பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்று. பிடித்த எண்ணாக இருந்ததால், வேறொரு கூடத்தில் இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மச்சான்